அலுமாரி அடுப்பில் காய்ச்சிய பாணி

அடுப்பில் எது கொதித்தாலும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. மகளுக்குப் பால் காய்ச்சும்போதுகூட, பொங்கிவிடுமோ, இப்போதே நிறுத்தினால் சரியாகக் காயாதோ என்று கரண்டியோடு தவித்துக்கொண்டிருப்பேன். இது எனக்கு ஒன்பது வயதில், கியூபெக்கின் புரோசார்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் பிடித்த வியாதி என்று நினைக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டில் ஒரே சண்டைதான். அம்மாவுக்கு ரொறன்ரோ போகவேண்டும். அங்கே பெரியம்மா இருந்தா. மருந்துக்கடையில் பிரெஞ்சு விளங்காமல் சும்மா தலையாட்டிவிட்டு வரவேண்டியதில்லை. அப்பாவுக்கோ டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. நான் அம்மாவின் கட்சி. பெரியம்மா வீட்டில் என் வயதில் ஒருத்தி இருந்தாள்.

மார்ச்சில், பக்கத்து வீட்டுக் கியூபெக் கிழவர் தன் மேப்பிள் மரங்களில், பாகுபோன்ற பாணி காய்ச்சுவதற்கு இனிப்பான மரநீர் பிடிக்க வாளி கட்டுவதைப் பார்த்த அப்பா, பந்தயம் போட்டார்.

"ஒரு போத்தல் பாணி காய்ச்சிக் காட்டினால் இஞ்சைதான் இருக்கிறம். இல்லாட்டி உம்மட ரொறன்ரோ."

"தேத்தண்ணி ஊத்தத் தெரியாது, பாணி காய்ச்சப் போறாராம்," என்றா அம்மா. ஆனால் சம்மதித்தா.

யாரோ வீதியோரம் எறிந்த இரும்பு லாச்சி அலுமாரியைச் சித்தப்பா தன் வான் வண்டியில் ஏற்றி வந்தார். இழுத்துத் திறக்கும் லாச்சிகளைக் கழற்றி அதை மல்லாக்கக் கிடத்தினார்கள். லாச்சி இருந்த ஓட்டைகளில், மண்டபங்களில் சோறு வைக்கும் நீளமான எவர்சில்வர் தட்டங்கள் பொருந்தின. ஒரு முனையில் விறகு போட வாசல் வெட்டி, மறுமுனையில் புகைக்குழாய் நிறுத்தினார்கள்.

"அண்ணை, இது அடுப்போ, சவப்பெட்டியோ?" என்றார் சித்தப்பா.

முதல் நெருப்பில் அலுமாரியின் பூச்சு எரிந்து தெருவெல்லாம் நாறியது. யாரிடமாவது அனுமதி கேட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிழவர் தன் மரங்களில் இரண்டை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். சேர்த்துவைத்த மரநீர் முழுவதையும் ஒரு சனிக்கிழமை காய்ச்சினார்கள். பெரிய பீப்பாயில் இருந்தது தட்டங்களில் வற்றி, பின்னேரம் அடுப்பில் வைத்த ஒரு சின்னப் பானைக்குள் அடங்கிவிட்டது. கிழவர் அம்மாவின் கையில் ஒரு கட்டி பட்டரைக் கொடுத்து, நுரை எழும்பினால் உடனே போடும்படி பாதி பிரெஞ்சிலும் பாதி கையாலும் விளக்கிவிட்டு வேலிக்கு அப்பால் போனார்.

நுரை திடீரென்று எழும்பியது.

"பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார் சித்தப்பா. அப்பா பானையை இறக்கவில்லை, கைகூப்பினார். தைப்பொங்கலுக்குப் பானை பொங்கி வழிந்தால்தானே எங்களுக்குச் சந்தோசம்? வழிந்து நெருப்பில் சீறுவது தங்கள் பாணி என்பது இருவருக்கும் உறைக்கவேயில்லை. வேலிக்கு அப்பாலிருந்து கிழவர், "மதாம்! மதாம்!" என்று அலறினார்.

நான் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "போடாதேங்கோ அம்மா!"

அம்மா அப்பாவைப் பார்த்தா. முகமெல்லாம் கரியோடு, நான் அதுவரை கண்டிராத ஒரு சிரிப்போடு அவர் நின்றார். அம்மா பட்டரைப் பானைக்குள் போட்டா. நுரை பொத்தென்று அடங்கியது. அப்பாவின் சிரிப்பும் அடங்கியது. அவர் அம்மாவின் வெறுங்கையையே பார்த்தார்.

மிஞ்சிய பாணி ஒரு போத்தலின் கழுத்துவரை வந்தது.

"ஏனம்மா போட்டனீங்கள்?"

"பேசாமல் இரு."

அன்று பெரியம்மாவுக்கு அம்மாதான் தொலைபேசி எடுத்தா. "ஓம் அக்கா… இல்லை, இவர் காய்ச்சிப்போட்டார்… பிறகு ஒருக்கா பாப்பம்." வழக்கத்தைவிட மெதுவாகக் கதைத்தா. பந்தயத்தில் தோற்றவர்கள் அப்படித்தான் கதைப்பார்கள் என்று எனக்கு விளங்கியது.

வென்ற அப்பா ஏன் உள்ளே வராமல், கழுவி முடித்த பானையைப் பனியை அள்ளி அள்ளித் திரும்பவும் தேய்த்துக்கொண்டு நின்றார் என்பதுதான் விளங்கவில்லை.