சினிமாப் பாட்டு என்று சொன்னேன்

என் தங்கை ஆலயத்துப் பியானோவில் வாசித்தது சினிமாப் பாட்டு என்று சபைக் கமிட்டியில் நான் பொய் சொன்னேன். அப்போது எனக்கு முப்பது வயது, அவளுக்கு இருபத்திரண்டு. இப்போது எனக்கு எழுபத்தாறு.

அவள் வாசித்தது ஒரு சிம்பொனி. எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிக்க வேண்டியது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது, தன்னிடம் பியானோ படித்த என் தங்கைக்கு ஒரு கிராமபோனும் சில இசைத்தட்டுகளும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எங்கள் பாடகர் குழுக்கள் இன்றும் பார்த்துப் பாடுகிற சோல்ஃபா ஸ்வர எழுத்துகளில் அவள் ஒரு நோட்டில் எழுதினாள். வயலினுக்கு ஒரு வரி, கொம்பு வாத்தியங்களுக்கு ஒரு வரி, செல்லோவுக்கு ஒரு வரி. பத்து விரலுக்கு எட்டாததை மட்டும் கோடிட்டு நீக்கிவிட்டாள். நான் கல்லூரி ஆசிரியன், பாடகர் குழுத் தலைவன், வெளிநாட்டு இசைச் சான்றிதழ் வாங்கியவன். அந்த நோட்டைப் புரட்டிய அன்றே இது என்னால் ஆகாத காரியம் என்று தெரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்குச் சற்றுப் பிந்திப் போனேன். குழுவில் எல்லோரும் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்த அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நான் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறதா என்று பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

கமிட்டிக்காரர்கள் நல்ல மனிதர்கள். சிம்பொனி கேட்டிராதவர்கள். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் அல்லாத எதையும் சினிமா என்று சொன்னால் நம்பக்கூடியவர்கள். அது தெரிந்துதான் சொன்னேன். மெட்டு எனக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் ஆராதனை முடிந்து அவள் பியானோ முன்னால் உட்கார்ந்தபோது கமிட்டிச் செயலாளர் வந்து மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளே, இனி இதத் தொடப்பிடாது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளுக்குக் கல்யாணமாகி இரணியல் பக்கம் போனாள். வாத்தியம் எதையும் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் நாளே ஒரு டப்பா முந்திரிக்கொத்து எனக்கு வந்துவிடும். பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து அவளே சுட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நானும் தின்றேன்.

ஆலயத்துக்குக் கீபோர்டு வந்ததும் பியானோ, பழைய மிஷன் பங்களாவில் தொடங்கிய அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. போன வருடம் அங்கே ஒரு கச்சேரி வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு இளம்பெண் வந்து, சிம்பொனிகளைத் தனி ஒருத்தியாக அதே பியானோவில் வாசிப்பதாக ஏற்பாடு. நான் கார் பிடித்துப் போய்த் தங்கையை அழைத்து வந்தேன். எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவளிடம் கேட்கவில்லை.

இரண்டாவதாக வந்தது அவளுடைய சிம்பொனிதான். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "இந்த எடத்துல நான் கொம்ப விட்டுட்டேன். இந்தப் பிள்ள விடல்ல" என்றாள்.

முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். என் தங்கை நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்பே இதை இதே பியானோவில் வாசித்தாள், நான் பொறாமையில் பொய் சொல்லி நிறுத்தினேன் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். கை தட்டினார்கள். பெரியவர் தம் இசை நினைவுகளைப் பகிர்ந்துகொண்டார் என்று ஒருங்கிணைப்பாளர் மைக்கில் நன்றி சொல்லி, என் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். வேண்டாம் என்று சொன்னது அடக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அதற்குள் தங்கை எழுந்து பியானோவிடம் போயிருந்தாள். காவலாளி சுற்றிலும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"அம்மா, அதத் தொடப்பிடாது."

கையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் போலவே, உடனே. நான் பொன்னாடையோடு ஓடிப்போய் அவரிடம் மன்றாடினேன். ஒருங்கிணைப்பாளரும் வந்து, தாராளமாக வாசிக்கட்டும் என்று கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் அவள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளைத் திரும்ப விடப் போன கார் வில்லுக்குறி தாண்டியது. பிறகு, "ஆருட்ட சொன்னிய, அண்ணே? கேக்க வேண்டியவங்க எல்லாம் கல்லறைத் தோட்டத்துல கெடக்காவ" என்றாள்.

உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"அந்த வாரமே தெரியும். செக்ரட்டரி பொண்டாட்டி சொன்னா."

நோட்டு இருக்கிறதா என்று கேட்டதற்குக் கார்க் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தாள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து வரவில்லை. பண்டிகை கழிந்து போன் செய்தேன். நலம் விசாரித்தாள், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். வைப்பதற்கு முன்னால் அவளாகவே, முட்டு வலி, அடுப்படியில் நிற்க முடியவில்லை என்றாள். இருக்கலாம். அவளுக்கும் அறுபத்தெட்டு வயதாகிறது.