உப்பறியும் நாக்கு

மூன்று மீட்டருக்கு ஒருமுறை துளையிடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குழாயில் வழியும் சாம்பல் நிறச் சேற்றுநீரைத் தகரக் குவளையில் பிடிக்கிறாள் இல்வா. கல்மாவு அடியில் படியக் காத்திருக்கிறாள். மேலே தெளிந்ததில் ஒரு வாய் எடுத்து, நாக்கின் ஓரங்களில் உருட்டித் துப்புகிறாள். “நல்ல தண்ணி” என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டு, அடுத்த இரும்புத் தண்டைப் பூட்டுகிறாள்.

இல்வாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சுவீடனின் கிழக்குக் கரைத் தீவுகளில் வீடுகளுக்கு வெப்பக் கிணறு தோண்டுகிறாள். பாறைக்குள் நூற்றைம்பது, இருநூறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை. அதில் ஒரு குழாயை இறக்கி, பாறையின் இளஞ்சூட்டை மேலே கொண்டுவந்தால் ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்க எண்ணெய் எரிக்காமல் இருந்துவிடலாம். கெட்டியான பாறைக்கு அவள் வைத்த பெயர் ஊமை. வெடிப்பு விழுந்த பாறைக்கு வாயாடி. “ஊமை நம்மள வேலை வாங்கும், அவ்வளவுதான். வாயாடிகிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். கடல் சொல்றதையெல்லாம் கிணத்துகிட்ட கொண்டுபோய்ச் சொல்லிடும்.”

துளையிடும் நாட்களில் அவள் உப்பைத் தொடுவதில்லை. ஊறுமீன் இல்லை, உப்பு வெண்ணெய் இல்லை, தீவுக்காரர்கள் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் உப்பு மிட்டாயும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு தீவில், கோடைத் திருநாளுக்கு முதல் நாள், வீட்டுக்காரர்கள் அன்போடு வற்புறுத்தியதால் நாலு துண்டு ஊறுமீன் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். நாக்கு மரத்துப் போயிருந்தது. உப்பு வந்ததே தெரியாமல் இன்னும் முப்பது மீட்டர் இறங்கினாள். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக் கிணற்றில் கடல் ஏறிவிட்டது. அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் படகிலிருந்து இறங்கிய காட்சியை இல்வா யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது உப்பைக் காட்டும் கருவி ஒன்று அவள் வண்டியில் உண்டு. என்றாலும் முதலில் நாக்கு, பிறகுதான் கருவி.

சென்ற அக்டோபரில் ஆல்கோத் வீட்டில் வேலை. ஆல்கோத் மனைவியை இழந்தவர், கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு நிலவறையில் அறைகளைச் சூடாக்கும் பழைய எண்ணெய்க் கொதிகலன் ஒன்று இருந்தது. அதன் புகை காற்றடிக்கும் பக்கமெல்லாம் போய், பக்கத்து வீட்டுத் தூரா காயப்போட்ட துணியில் படியும். ஆனால் தூரா அந்தப் புகையைவிட இந்தத் துளைக்குத்தான் அதிகம் பயந்தாள். அவளும் அவளுடைய பதினோரு ஆடுகளும் குடிப்பது ஒரே கிணற்று நீரைத்தான்.

“பூமிக்குள்ள எதையோ ஊத்தப்போறீங்களாமே?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

“குழாய்க்குள்ள தண்ணியும் சாராயமும்தான் ஓடும்.”

“அப்போ ஆல்கோத் தினமும் கசியுதான்னு மோந்து பார்ப்பாரு.”

“நான் குடிச்சு வருஷம் ஒன்பதாச்சு தூரா!” என்று சன்னலிலிருந்து ஆல்கோத் கத்தினார்.

இல்வா சிரிக்கவில்லை. “இதுல கெடுதலே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். சூட்டை மேல கொண்டுவர்ற பம்பு கரன்ட் கொஞ்சம் இழுக்கும். கல்சேறு வளைகுடாவுக்குப் போனா மீனுக்கு ஆகாது, அதனாலதான் தொட்டியில பிடிக்கிறேன். உங்க கிணறுதான் பெரிய விஷயம். அதை நான் பார்த்துக்கிறேன்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க” என்றாள் தூரா. ஆனால் வேலியைவிட்டு நகரவில்லை.

நூற்று இருபத்தாறாவது மீட்டரில் இல்வா வழக்கம்போல் ஒரு வாய் எடுத்தாள். துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு துப்பிவிட்டுக் கருவியை எடுத்துவந்து நீரில் அமிழ்த்தினாள். அதற்குப் பிறகு இயந்திரத்தின் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆல்கோத் ஓடிவந்தார். “என்னாச்சு? நூத்தியெண்பது வேணும்னு நீதானே சொன்னே?”

“உப்பு வந்துடுச்சு.”

“இன்னும் அம்பத்தி நாலு மீட்டர்தானே! முடிச்சுட்டு அப்புறம் அடைச்சுக்கலாம். குளிர் வாசல்ல நிக்குது இல்வா. கொதிகலன் இந்த வருஷம் தாங்காது.”

“இன்னும் இறங்கினா எந்த வெடிப்புல போய் இடிப்பேன்னு எனக்கே தெரியாது. இறங்க மாட்டேன்.”

“வேற யாரையாவது கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் இதை அடைச்சிருப்பேன்.”

சொன்னபடியே செய்தாள். தொண்ணூறு மீட்டருக்குக் கீழே இருந்ததையெல்லாம் சிமெண்ட் குழம்பால் நிரப்பி, கடலின் வழியை மூடினாள். குழம்பு இறங்கும் ஓசையை ஆல்கோத் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்மாவு படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு இல்வா அவரிடம் வந்தாள்.

“ஒரே ஆழத் துளைக்குப் பதிலா ரெண்டு சின்னத் துளை. இங்க தொண்ணூறு ஆயிடுச்சு. இன்னொரு தொண்ணூறு தூரா கிணத்துக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சுப் போடுவேன். அவ்வளவு ஆழம் வரைக்கும் நல்ல தண்ணின்னு பார்த்தாச்சு. வீடு கதகதன்னு இருக்கும். ஆனா இயந்திரம் நிக்க ஒரே இடம்தான் இருக்கு.”

அவள் கை காட்டிய இடத்தில் கொடிமரம் நின்றது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் மனைவி வெண்டேலா மணப்பெண்ணாக வந்த வாரத்தில் அவளும் ஆல்கோத்தும் சேர்ந்து நட்ட மரம் அது. அவள் போன பிறகும் நாட்காட்டியில் அவள் பெயருக்கென்று குறித்த பெயர்நாளில் தவறாமல் கொடி ஏற்றிவந்தார். மற்றொரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் கழிவுநீர்த் தொட்டி. வேறு இடமே இல்லை.

“அதைத் தொடாதே” என்றார்.

இல்வா வாதாடவில்லை. “நீங்க வேண்டாம்னா நான் கிளம்பறேன். தூராவோட கிணறு அப்படியே இருக்கும், உங்க எண்ணெயும் அப்படியே இருக்கும்.”

ஆல்கோத் மரத்தடிக்குப் போய்க் கொடிக்கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வேலிக்கு அப்பால் தூரா ஆடுகளுக்குத் தொட்டியில் நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் கொட்டகைக்குள் போனார். பெரிய திருகுசாவியோடு வெளியே வந்து, மரத்தின் அடியில் மண்டியிட்டு, அதைப் பிடித்திருந்த முதல் மரையைச் சுழற்றினார்.

“தனியாளா இறக்கினா தலையிலதான் விழும், கிழவா!” தூரா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, “வெண்டேலா இருந்தா உன்னைத் திட்டியிருப்பா. மெதுவா விடு. விடுய்யா, நான் பிடிச்சிருக்கேன்” என்றாள்.

“வேலை முடிஞ்சதும் வாசப்பக்கம் நட்டுத் தர்றேன்” என்றாள் இல்வா.

ஆல்கோத் திருகுசாவியை மறுபடி சுழற்றினார். கடைசி மரை கழன்றது. வெள்ளை மரம் மாலை வெயிலில் மெல்லச் சாய்ந்து இறங்கியது. அதன் உச்சியிலிருந்த பொன்னிறக் குமிழ் கல்சேறு படிந்த புல்லை நோக்கி வந்தது. இல்வா ஓடிப்போய்ச் சேற்றுக் கையுறைகளை உருவி எறிந்தாள். உள்ளங்கைகளைச் சட்டையின் உட்பக்கத்தில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, அந்தக் குமிழைத் தரையில் படாமல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.