லவினா வைக்க மறுத்த சுவர்

வேலையில் தப்பு செய்தாள், அதனால் லவினாவைத் துரத்திவிட்டார்கள் என்று யார் சொன்னது? எங்கள் தெரு ஆஞ்சலாதானே? வியாழக்கிழமை நொவேனா ஜெபம் முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுகொண்டு, கடலே இல்லாத பெங்களூரில் கடலுக்கு என்ன ஆபீஸ் என்று விவேக் நகர் முழுக்கப் பரப்பியவள் அவள்தான். லவினாவின் அம்மா, பெட்டி என்று பெயர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்.

கடல் இங்கே இல்லைதான். நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த காஸ்பியன் கடல் எங்கோ இருக்கிறது. பெருங்காற்று அடித்தால் அதன் தண்ணீர் கரையேறி எவ்வளவு தூரம் போகும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் லவினாவின் வேலை. பெட்டிக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் லவினா கேக் டிரேயில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, இந்தப் பக்கம் டேபிள் ஃபேனை வைத்தாள். தண்ணீர் அந்தப் பக்கம் ஒதுங்கி, வழிந்து, பெட்டி சுட்டு ஆறவைத்திருந்த ரோஸ் குக்கி என்கிற அச்சுமுறுக்கையெல்லாம் நனைத்துவிட்டது. பெட்டி திட்டித் தீர்த்தாள். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது.

அந்தக் கடல் வருஷா வருஷம் உள்வாங்கிக்கொண்டே போகிறது. காய்ந்த இடத்தில் கூலிக்காரர்களுக்கு வீடு கட்ட நினைத்த ஒரு கம்பெனி, தண்ணீர் வருமா என்று லவினாவின் ஆபீசைக் கேட்டது. ஆபீஸ்காரர்கள், தண்ணீர் இனி இதைத் தாண்டாது என்று, இப்போதைய கரையோரமாகக் கணக்கில் ஒரு சுவரை வைத்துவிட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தால் சுவர் கிடையாது, கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். சுவர் இருந்தால் தண்ணீர் எப்படி ஏறும்? லவினா அதை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓடவிட்டாள். வீடு வரப்போகிற இடமெல்லாம் படத்தில் நீலமாகிவிட்டது.

மேலதிகாரி நாகேஷ் கெட்டவர் இல்லை, பயந்தவர். சுவர் இருக்கிற படத்தையே அவள் பெயரில் அனுப்பச் சொன்னார்.

"அங்க தண்ணி வந்து எத்தனையோ வருஷமாச்சும்மா. சும்மா இழுக்காத."

"இனிமே காத்தே அடிக்காதுன்னு சொல்லுங்க சார், அனுப்புறேன்."

நாளைக்குள் அனுப்பு, இல்லையென்றால் இங்கே வேலை இல்லை என்றுவிட்டார். லவினாவின் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி லவினா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நனஞ்ச குக்கிய நான் திரும்பச் சுட்டுட்டேன்டி. தண்ணி வந்தா அங்க தூங்குறவங்கள என்ன பண்ணுவாங்க?"

மறுநாள் லவினா நீலப் படத்தையே கம்பெனிக்கு அனுப்பினாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நாகேஷின் மேஜையில் வைத்தாள். உட்கார், பேசலாம் என்றார் அவர். அவள் உட்காரவில்லை. யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. கதவைத் திறந்தது அவள் கைதான்.