மண்வெட்டிக்கு முன்னால் விழுந்த சொல்

முத்துப்பேச்சி அம்மாள் காலமான செய்தி வந்தபோது, அருப்புக்கோட்டை கோர்ட்டு வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் நாலாவது வாய்தா வாங்கிய களைப்பு; வக்கீலாக உழைத்ததில் வந்ததல்ல. போனில் அவரது தம்பி. “வக்கீலய்யா, அக்கா போயிருச்சு. சொல்லிவிட ஆளு கம்மி, அதான் ஒங்களுக்கும்” என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் என் கட்சிக்காரர் அல்ல. அவர் கணவரைக் கொன்றவர்தான் என் கட்சிக்காரர்.

பரளச்சிப் பக்கம் அடுத்தடுத்த புஞ்சைக்காரர்கள், அவர் கணவர் பெருமாளும் என் கட்சிக்காரர் சண்முகவேலும். வரப்புத் தகராறில் சண்முகவேல் மண்வெட்டியால் ஒரே போடு. பெருமாள் அங்கேயே முடிந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் சண்முகவேலின் மகள் பூச்சிமருந்து குடித்து இறந்திருந்தாள். “அதைச் சொல்லிக் காட்டுனான், கை தன்னால ஓங்கிருச்சு” என்றார் என்னிடம். அது நிரூபணமானால், கடுமையாகவும் திடீரென்றும் மூட்டப்பட்ட கோபம் என்று சட்டம் கொலைக்கு ஒரு படி கீழே வைக்கும். ஆயுள் தண்டனை சில வருடங்களாகச் சுருங்கும். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டே பேர். பெருமாளின் அண்ணன் ராமர், “எந்தம்பி வாயே தொறக்கலை” என்று கூண்டில் சாதித்துவிட்டு இறங்கினார். மிச்சம், மனைவி.

அவரை மடக்கப் பன்னிரண்டு கேள்விகள் எழுதிப் போயிருந்தேன். பத்து வருடமாக டீக்கடையில் நான் சொல்லிவரும் ‘அந்தக் குறுக்கு விசாரணை’ இதுதான். உண்மையில் கேட்டது ரெண்டு.

“உங்க வீட்டுக்காரர் ஏதும் சொன்னாரா?”

“சொன்னாக.”

“என்ன சொன்னார்?”

“‘ஒம் மக குடிச்சது போக மிச்சம் இருந்தா பருத்திக்கு அடிலே’ன்னாக.”

அரசு வக்கீல் எழுந்து, “போலீஸ்ல ஏம்மா இதச் சொல்லலை?” என்றார்.

“அவுக கேக்கலை.”

சண்முகவேலுக்கு ஏழு வருடம். சாட்சி சொன்ன அன்று வராந்தாவில் அந்த அம்மாவை வழிமறித்து, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் என் வசம் இருந்ததில்லை.

“அவன விடச் சொல்லலைய்யா. எம் புருசனக் கொன்னவன். ஆனா அந்தப் புள்ளையும் செத்துப்போச்சுல்ல. செஞ்சதுக்கு எம்புட்டோ அம்புட்டுக் குடுங்க. தள்ளுங்க, பஸ்ஸு வந்துரும்.”

புகுந்த வீட்டில் அவருக்குப் ‘புருசனக் காட்டிக் குடுத்தவ’ என்று பெயர் விழுந்தது. பேச்சு நின்றது, விசேஷ வீட்டு அழைப்பு நின்றது. மல்லாங்கிணறில் தம்பி வீட்டோடு இருந்துவிட்டார். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை மட்டும் சொன்னார்: “அவுக கடைசியாப் பேசுனது அது. நல்லதா ஒண்ணு பேசிட்டுப் போயிருக்கலாம்.”

அடக்கத்துக்குப் போனேன். ஆள் குறைவு. பாடைத் தேர் தூக்க மூன்று பேர்தான் தேறினார்கள். முதுகுவலிக்காரனான என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. தெருமுனையில் ராமர் வந்து நின்றிருந்தார், உள்ளே வராமல். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“வக்கீலய்யா, எனக்கும் கேட்டுச்சு” என்றார்.

“என்னது?”

“அன்னைக்கு எந்தம்பி சொன்னது. எனக்கும் நல்லாக் கேட்டுச்சு.”

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தார். நான் பின்னால் நடந்தேன்.

அம்மா, ராமர் இடுகாடு வரைக்கும் தோள் மாற்றவே இல்லை. நிம்மதியாகப் போங்கள்.