மஸ்கி மீனுக்குக் கட்டிய கம்பி

அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸ், போன இலையுதிர் காலத்தில் கூரிய பற்கள் கொண்ட பெரிய ஏரி மீனான மஸ்கி ஒன்றைத் தவறவிட்டாள். கண்ணாடி போன்ற தூண்டில் நரம்பைப் பல்லால் அறுத்து, தூண்டில் முள்ளை வாயில் சுமந்தபடியே அது போய்விட்டது. பிடிக்கும் மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுபவள் அவள்; இனி அது எப்படி இரை தின்னும் என்ற கவலை அவளை விடவில்லை. இந்த முறை முள்ளுக்கு மேலே டைட்டானியம் கம்பி கட்டினாள்.

"கம்பியப் பாத்தா ஒரு மீனும் கிட்ட வராது, பாத்துக்க," என்று சிரித்தான் கணவன் ராய்ஸ்.

"வராட்டி போகட்டும். வர்றது முள்ளோட போகக் கூடாது."

ஏரியின் பாறைத்திட்டுக்கு மேலே படகை நிறுத்தி, தூண்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். திடீரென்று கோல் வில்லாக வளைந்தது. வெகுநேரம் போராடிப் படகோரம் வந்த மீன் அவள் மார்பளவு நீளம். கம்பி அறுபடாமல் பற்களுக்கிடையே மின்னியது.

குறட்டால் முள்ளைக் கழற்றிய பிறகும் மீன் போகவில்லை. செவுள் மெல்லத் திறந்து மூட, தண்ணீருக்குள் அவள் கைகளில் கிடந்தது. பிறகு வாலை ஒருமுறை அசைத்து ஆழத்தில் இறங்கியது.

"அடேயப்பா!" என்று தொப்பியைக் கழற்றினான் ராய்ஸ்.