கதிரைக்கால் என்று சொல்லப்பட்ட மரம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை, படித்து முடிக்கும் முன்பே, எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. ஊரில் சண்டைக்குத் தப்பி வந்து நாங்கள் குடியிருந்த டெனிஷ் நகரமான ஸ்கீவவில், எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், அப்பா அம்மாவுக்காக டெனிஷ் கதைப்பதும் என் வேலை. நான் இல்லாமல் அந்த வீடு ஒரு நாளும் ஓடாது என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் வீட்டு வளவுக்குள் துவக்கு என்று எந்தத் துப்பாக்கியும் வரக்கூடாது. தம்பியின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த தண்ணீர்த் துவக்குகூடச் சுற்றிய தாளோடு குப்பைக்குப் போனது.

பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் ஓய்வு பெற்றவர். பழங்கால முறையில், வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து இடித்து நிரப்பும் துவக்கு ஒன்றைத் தன் கையால் செய்துகொண்டிருந்தார். அதன் நீண்ட வால்நட் மரக்கட்டையைக் குளிர்காலம் முழுவதும் ஹீட்டருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்ததில் அது பக்கவாட்டில் வளைந்துவிட்டது. இரும்புக் குழாயைக் கட்டையின் பள்ளத்தில் வைத்தால் பின்பக்கம் ஒழுங்காக இருந்தது. முன்னுக்குப் போகப்போக விலகி, நுனியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அப்பா யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்பதால், அதை நிமிர்த்தித் தர முடியுமா என்று டெனிஷ்காரர் வேலிக்கு மேலால் அவரிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அப்பா ஓம் என்று தலையாட்டிவிட்டார். தொழிற்சாலைக்கு வெளியே அப்பாவின் கைவேலையை நம்பி ஒரு டெனிஷ்காரர் கேட்ட முதல் உதவி அது.

சனிக்கிழமை அம்மா முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனதும் எங்கள் சாமான் கொட்டிலில் வேலை தொடங்கியது. மரத்தை ஆவியில் அவித்தால் இளகும். நீளமான தகரக் குழாய்க்குள் கட்டையை விட்டு, இரண்டு பக்கமும் பழந்துணியால் அடைத்தோம். ஆவிக்கு அப்பா எடுத்து வந்தது அம்மாவின் புட்டுப்பானை. ஒன்றரை மணி நேரம் அவிந்தபின் கட்டையை எடுத்து, நேரான சட்டம் ஒன்றோடு சேர்த்து இறுக்கிகளால் பூட்டினார். நேராக மட்டும் வைத்தால் போதாதாம், மறுபக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டுமாம். ஒரு கிழமை, அடுத்த சனி வரை, அசையாமல் இருக்க வேண்டும். அதற்குள் அம்மா கண்டால் கட்டை வெளியே போய்விடும், அப்பாவின் வாக்கும் அதோடு போய்விடும்.

பானையைத் தேய்த்துத்தான் வைத்தோம். ஆனாலும் அடுத்த நாள் காலைப் புட்டு மண்ணிறமாக இருந்தது. தச்சுப்பட்டறை மணமும் அடித்தது.

“இஞ்சரப்பா, என்ர பானைக்குள்ள என்னத்தை அவிச்சனீங்கள்?”

“பக்கத்து வீட்டு மனிசன்ர கதிரைக்கால்.”

அம்மா நேரே கொட்டிலுக்குப் போனார். அகன்ற அடிப்பக்கத்தை அப்பா முன்யோசனையாகச் சாக்கால் மூடியிருந்தார்.

“இவ்வளவு நீளத்தில கதிரைக்காலோ? ஆர் அந்தக் கதிரையில ஏறி இருக்கப்போறது?”

“டெனிஷ்காரர் உயரம்தானே அம்மா,” என்றேன் நான். படித்த பிள்ளை சொன்னதால் அம்மா நம்பினார் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறு சனிக்கிழமை டெனிஷ்காரர் இரும்புக் குழாயோடு வந்தார். அப்பா இறுக்கிகளைக் கழற்றினார். குழாய் பள்ளத்துக்குள் அப்படியே படுத்தது, நுனியில் ஒரு தாள்கூட நுழையவில்லை. அவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று வேலை முறையை மாற்றிக்கொண்டு நேரத்தோடு வந்த அம்மா, கைப்பையோடு கொட்டில் வாசலில் நின்றார்.

இனிக் கதிரைக்கால் என்று யாரும் சொல்ல முடியாது. அம்மா சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, “ஒருக்காச் சுட்டா அடுத்த வெடிக்கு எவ்வளவு நேரம் செல்லும் எண்டு கேள் பிள்ளை,” என்றார்.

கேட்டேன். மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடிக்கப் பழகியவருக்கே ஒரு நிமிடமாவது வேண்டும், தனக்கு இரண்டு நிமிடம் என்றார் அவர்.

“ஒரு நிமிசமோ,” என்றார் அம்மா. “அது காணும். ஊரில அண்டைக்கு அந்த நேரத்துக்குள்ள என்ர தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம்.”

பிறகு, டெனிஷ்காரரை அந்தத் துவக்கைத் தன் வீட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வரச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. யார் என்று கேட்கவும் தோன்றவில்லை. கோபிக்காமல் அம்மா பகிடி விட்டார் என்ற சந்தோசத்தில் எல்லாவற்றையும் சொல் தவறாமல் டெனிஷில் சொன்னேன். டெனிஷ்காரர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அப்பா குனிந்து இறுக்கிகளைப் பொறுக்கினார். என் டெனிஷ்தான் அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் சத்தமாக, சிரித்துக்கொண்டே, இரண்டாம் முறையும் சொன்னேன்.