நான் புரட்டிப் போடாத நோயாளி

முதலில் தெரிந்தது வாடைதான். பெண்கள் வார்டின் நடையில் துவைத்த விரிப்புகளோடு வந்தவள், பழனியம்மாவின் கட்டிலருகே நின்றுவிட்டேன். போர்வையை விலக்கினேன். முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துச் செத்திருந்தது. படுக்கைப்புண் (ஒரே பக்கமாக வெகுநேரம் படுத்திருப்பதால் சதை அழுகி உண்டாகும் புண்).

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்த காலம். டைபாய்டுக்கு (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) அப்போது தனி மருந்து கிடையாது, பணிவிடைதான் எல்லாம். பழனியம்மா கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மூன்றாவது வாரக் காய்ச்சலில் தானாகப் புரளவும் அவளுக்குத் தெம்பில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, சார்ட்டில் நேரம் எழுத வேண்டும் என்பது வார்டு நர்ஸான எனக்கு டாக்டரம்மாவின் உத்தரவு.

நான் நேரத்தை மட்டும் எழுதினேன். காலையில் வந்ததுமே மாலை வரைக்கும் எழுதிவைத்த நாட்களும் உண்டு. வேலை மிகுதி என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த வாரம் வார்டில் பாதிக் கட்டில்கள் காலி. நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சார்ட்டைப் படித்தார். "நீ ஒழுங்காத்தான் திருப்பியிருக்க. அப்ப ஈர விரிப்பை யாரோ மாத்தாம விட்டிருக்காங்க. விரிப்பு யாரு பொறுப்பு?"

"ஆயா தாயம்மா" என்றேன்.

அன்றே தாயம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கி, பழனியம்மாவுக்கு நினைவு தெளிந்தது.

"அந்த ஆயா எங்கீங்க நர்சம்மா? காணோமுங்களே."

"எதுக்கு?"

"அவங்கதானுங்க அப்பப்ப வந்து என்னையத் திருப்பி உடுவாங்க. ஒத்தையாளா முடியாம மூச்சு வாங்கும், பாவம்."

டாக்டரம்மாவின் அறைக்குப் போய், ரவிக்கை தைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"எங்கிட்ட சொன்னா முடிஞ்சிடுமா? படுத்துக் கெடக்கறவகிட்ட சொல்லு. தாயம்மாவை நீயே போய்க் கூட்டிட்டு வா."

தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தாயம்மாவின் வீடு. நான் சொன்னதை வாசலில் நின்றே கேட்டாள். கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறி, "ஒந்து மாத்து... ஒரே ஒரு வார்த்தை அன்னிக்கு நீங்க சொல்லலியே, சிஸ்டர்" என்றாள். மறுநாள் வேலைக்கு வந்தாள். அதுவரை என்னை அக்கா என்று அழைத்தவள், பிறகு ஒருநாளும் அப்படி அழைக்கவில்லை.

பழனியம்மாவிடம் சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நான் கூப்புட்டனுங்களே. உங்களுக்குக் கேக்குலீங்களா?"

"கேட்டுச்சு" என்றேன்.



என் பணிப் பதிவில் குற்றம் எழுதப்பட்டது. நான் சார்ட்டில் எழுதும் ஒவ்வொரு நேரத்துக்கும் கீழே மூத்த நர்ஸ் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டார். புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். செத்த சதையை டாக்டரம்மா வெட்டி எடுத்த பிறகு, தினமும் உப்புநீரில் கழுவித் துணி வைத்துக் கட்டுவேன். பழனியம்மா தலையணையைக் கடித்துக்கொள்வாள். ஏழு வாரம் ஆயிற்று, குழி நிறைய.

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஒருக்களித்துப் படுத்தபடி ஊர் போனாள். தாயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் "வாரனுங்க" என்றாள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள், செய்யாததைச் செய்ததாகச் சொல்லியிருந்தால், இன்றே திருத்திச் சொல்லிவிடுங்கள். நான் வாய் திறக்கும் முன்பே புண் எலும்பு வரை போய்விட்டது.

இப்போதும் ஓய்வு நாட்களில், மதியம், மல்லாந்து படுத்து அசையாமல் இருந்து பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் முதுகின் அடியில் சூடு ஏறும், பிறகு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். இதுவரை ஒரு மணி நேரத்தைத் தாண்டியதில்லை.